ஆறுமணிக்குருவிக்கு ஒரு சாட்சி

எங்கள் வீட்டுக் குளியலறையில் ஒரே சமயத்தில் நான்கு பேருக்கு மேல் நிற்க முடியாது. காலடிப்பேட்டையின் இந்த வீட்டில் முப்பத்தோரு ஆண்டுகள் குடியிருந்தும் இது எனக்குத் தெரியாமலே இருந்தது. அளந்து பார்க்கும் அவசியம் நேரவில்லை. சென்ற சித்திரையில் நேர்ந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர் கவிழ்த்த வாளியின்மேல் நின்றார். தண்டையார்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒரு காலை எண்ணெய் டின்னிலும் மறு காலைக் கழிப்பிடத்தின் மூடியிலும் ஊன்றியிருந்தார். ராயபுரத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற செவிலியர், எல்லோருக்கும் நர்ஸம்மா, யாருடைய முழங்கையாவது பட்டுக் குழாய் திறந்துவிடாதபடி அதன் தலையைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்றேன். மூவர் கழுத்திலும் பைனாகுலர். ஐந்தாவதாக அண்ணாச்சியின் மனைவி உள்ளே வர முயன்றபோதுதான் அறையின் கொள்ளளவு தீர்மானமாயிற்று.

"நீ வராத. நாம ரெண்டு பேரும் ஒண்ணுதான்" என்றார் அண்ணாச்சி, கிசுகிசுப்பாக.

அவர் மனைவிமீது கொண்ட அன்பினால் அப்படிச் சொல்லவில்லை. அது விதி எண் ஆறு. அந்த விதியை எழுதியவன் நான்.

என் மனைவி பறவை பார்ப்பவள், நான் பார்க்காதவன். தபால் நிலையத்தில் பணி ஓய்வு பெற்ற மறுமாதம் அவள் ஒரு பைனாகுலரும் ஒரு தொப்பியும் வாங்கினாள். அதற்கடுத்த மாதம் வடசென்னைப் பறவை ஆர்வலர்களின் கைப்பேசிக் குழுவொன்றில் சேர்ந்தாள். மொத்தம் பதினான்கு பேர். இவர்களில் எவரும் காடு, மலை என்று போவதில்லை. அவரவர் இருக்கும் இடத்தில் நின்றுகொண்டு மேலேயோ கீழேயோ பார்ப்பார்கள். கிரேன் ஓட்டுபவர் தன் உயரமான கூண்டிலிருந்து, சரக்குப் பெட்டிகளுக்கு இடையில் வந்தமரும் ஆலாப் பறவைகளைப் பார்ப்பார். நர்ஸம்மா மீன்பிடித் துறைமுகத்தில். அண்ணாச்சியும் மனைவியும் தம் கிடங்கின் மொட்டைமாடியில்.

மாசி பிறந்ததும் இவர்களுக்கு ஒரு பரபரப்பு வந்துவிடும். குளிர்காலத்துக்கு வந்த பறவைகள் வடக்கே திரும்பத் தொடங்கும் காலம் அது. வரும்போது சாம்பலும் அழுக்குமாக வந்த உள்ளான்கள் போகும்போது செங்கல் நிறம் பூண்டு போகின்றன என்று என் மனைவி சொல்வாள். நான் நாளிதழிலிருந்து தலையை நிமிர்த்தி "அப்படியா" என்பேன். அவள் கைப்பேசியில் செய்திகள் வந்துகொண்டே இருக்கும். 'எண்ணூர் மொகத்துவாரம். உள்ளான் நூறு கீது. பாதி செவந்துகினு வர்து. சேத்துல ஒரு செருப்பு போச்சி.' சிறிது நேரம் கழித்து, அதே கிரேன் ஓட்டுபவரிடமிருந்து: 'செருப்பு கெடச்சிச்சி. என்து இல்ல.'

விதிகள் பிறந்த கதை அண்ணாச்சியைச் சேர்ந்தது. அவரும் மனைவியும் தம் கிடங்கு மாடியில் அசாதாரணமான பறவைகளைக் கண்டார்கள். அவர் கண்டதற்கு அவர் மனைவி சாட்சி, மனைவி கண்டதற்கு அவர் சாட்சி. ஒருநாள் அவர் மனைவி ஒரு கடற்கழுகைக் கண்டதாகப் பதிவிட்டார். அண்ணாச்சி உடனே 'நானும் பார்த்தேன்' என்று எழுதினார். அப்போது அவர் தூத்துக்குடியில் ஒரு திருமணப் பந்தியில் உட்கார்ந்திருந்தார் என்பது, அதே பந்தியில் எடுத்த புகைப்படத்தைச் சற்று முன்பு அவரே அனுப்பியிருந்ததால் வெளிப்பட்டது. "அவ பொய் சொல்ல மாட்டா. அவ பாத்தா நான் பாத்த மாதிரிதாம்" என்பது அவருடைய வாதம். குழு இரண்டாகப் பிளக்கும் நிலை வந்தது.

நான் வரலாற்றுப் பேராசிரியனாக இருந்தவன். எந்தச் சாட்சியை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையே முதுகலை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்லிக்கொடுத்தவன். "நீங்கதான் எழுதித் தரணும்" என்றாள் என் மனைவி. மூன்று நாள் எடுத்துக்கொண்டு ஏழு விதிகள் எழுதினேன். அவற்றில் மூன்று இங்கே தேவைப்படும். விதி மூன்று: தனியொருவர் கண்ட பறவை 'காத்திருப்பு' எனக் குறிக்கப்படும், மாசி முதல் சித்திரை முடிய நீளும் அப்பருவத்துக்குள் வேறோர் உறுப்பினர் அதே இடத்தில் அதைக் கண்டால் பதிவு உறுதியாகும். விதி நான்கு: அவ்வாறு காணாவிடில் பதிவு மறு ஆண்டின் சித்திரை முடியக் காத்திருக்கலாம், அதற்குள்ளும் காணாவிடில் நீக்கப்படும். விதி ஆறு: கணவனும் மனைவியும் ஒரே சாட்சியாகவே கொள்ளப்படுவர்.

ஆறாவது விதியில் எனக்குக் கொஞ்சம் பெருமையே இருந்தது. சுருக்கமானது, ஓட்டை இல்லாதது.

அந்தக் குளியலறைக் கூட்டத்துக்கு முந்தைய ஆண்டின் சித்திரையில், ஒரு காலை ஆறு மணி இருக்கும், என் மனைவி குளியலறையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். கத்தவில்லை. கத்தாமல் கூப்பிட்டதே வழக்கத்துக்கு மாறு.

"இங்க வாங்க. சீக்கிரம். சத்தம் போடாம."

ஒரு மாணவரின் ஆய்வேட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். வாக்கியத்தை முடித்தேன். அந்த வாக்கியத்தின் அடிக்குறிப்பு பிழையாக இருந்தது, அதையும் முடித்தேன். நான் போனபோது அவள் கவிழ்த்த வாளியின்மேல் நின்று, உயரத்தில் இருந்த ஜன்னலின் இரண்டு கண்ணாடிச் சட்டங்களைக் கழற்றிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கி எனக்கு இடம் கொடுத்தாள். ஏறிப் பார்த்தேன். பக்கத்து வீட்டின் பின்புறச் சந்து. சக்கரம் இல்லாத ஓர் ஆட்டோ. வாதாமரம். அதன் கீழே மட்கிக் கிடந்த இலைகள். வேறொன்றும் இல்லை.

"தெரியுதா?"

"தெரியுது" என்றேன்.

"வாலுக்கு அடியில என்ன கலர்?"

"நீலம்."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு, "பால் பொங்கிடப் போகுது, அடுப்பைப் பாருங்க" என்றாள்.

அன்று பிற்பகல் அவள் உறங்கியபோது அவளுடைய பறவைப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஆறுமணிக்குருவி: காலையிலும் மாலையிலும் ஆறு மணியையொட்டிக் குரல் கொடுப்பதால் வந்த பெயர். இமயத்தின் அடிவாரத்துக்குத் திரும்பும் வழியில் நகரங்களில் ஓரிரு நாள் தங்கும். முதுகு பச்சை. நீலம் இறக்கையில் இருக்கிறது. வாலுக்கு அடியில் சிவப்பு.

அவள் அதைப் பற்றி என்னிடம் ஒருபோதும் பேசவில்லை. குழுவில் பறவையைப் பதிவிட்டாள். "அக்கா, சார் கூட இருந்தாரா?" என்று நர்ஸம்மா கேட்டிருந்தார். கிரேன் ஓட்டுபவர், 'ரூல் ஆறு. சார் இருந்தாலும் ஒண்ணுதான். காத்திருப்பு' என்று எழுதினார். என் மனைவி ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டாள். அதற்குப் பிறகு அவள் குழுவில் எதுவும் எழுதவில்லை. வைகாசியில் மருத்துவமனைக்குப் போனோம். ஆடியில் நான் மட்டும் திரும்பினேன்.

மறு பங்குனியில் கிரேன் ஓட்டுபவர் வீட்டுக்கு வந்தார். இறுதிச் சடங்குக்குப் பிறகு அவரை நான் பார்த்திருக்கவில்லை. செருப்பை வாசலில் ஒழுங்காக இணைத்து வைத்துவிட்டு உள்ளே வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"எப்டி கீற சார்?"

"இருக்கேன்."

"மேட்டர் இன்னான்னா, அக்காவோட குருவி காத்திருப்புல கீது. இந்த சித்திரை தாண்டிச்சின்னா ரூல்படி தூக்கிடணும். நீ எழுதின ரூலு."

"மாத்திடுங்களேன். எனக்கு ஆட்சேபம் இல்லை."

"ஒனக்கு இல்ல சார். அக்கா வுடாது." அக்கா அடுத்த அறையில் இருப்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார். "ஒருவாட்டி நான் தனியா ஒரு ஆலாவ பாத்துட்டு, நர்ஸம்மாவ சும்மா ஒன் பேரையும் போட்டுக்கோன்னு சொல்லிட்டேன். அக்கா போன் போட்டு அர மணி நேரம் வாங்கு வாங்குன்னு வாங்கிச்சி. கூண்டு மேல ஒக்காந்துகினு கீறேன், கீழ கப்பல்காரன் கத்துறான், இது வுடல. அந்த அக்கா கடைசியா போட்ட பேரு சார் அது. நாங்களே எப்டி சார் அழிக்கறது? கை வருமா?"

பிறகு தன் திட்டத்தைச் சொன்னார். குருவியைப் போன வருடம் கண்ட அதே இடத்தில், அதே நேரத்தில், உறுப்பினர்கள் முறை வைத்துக் காவல் இருப்பார்கள். அந்த மரத்தடி வேறு எங்கிருந்தும் தெரியாது. சந்தில் இறங்கி நின்றால் பறவை வராது. ஆகவே எங்கள் குளியலறை. துறைமுகத்தில் பழகிய கையால் அவர் ஏற்கெனவே பட்டியல் தயாரித்திருந்தார். ஏ ஷிப்ட், காலை ஐந்தே முக்கால் முதல் ஏழு வரை. பி ஷிப்ட், மாலை ஐந்தேகால் முதல் ஆறே முக்கால் வரை. என்னையும் குழுவில் சேர்த்துவிட்டதாகச் சொன்னார். "நீ டூட்டி பாக்க வேணாம் சார். ஆனா ஆபீஸ் ஒன் வூடு. மெம்பரா இருந்தாத்தான் மரியாத."

முதல் ஷிப்டுக்கு முந்தைய நாள், குளியலறை மாடத்தில் இருந்த அவளுடைய மஞ்சள்தூள் டப்பாவை எடுத்து அலமாரிக்குள் வைத்தேன். டப்பா இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் வட்டம் மிஞ்சியது. நர்ஸம்மா சுத்தத்தில் கண்டிப்பானவர். வந்த முதல் நாளே வாளியையும் தரையையும் கழுவினார். அந்த வட்டத்தை மட்டும் துடைக்கவில்லை.

ஷிப்ட் முறை என் வாழ்க்கையைச் சீராக மாற்றியமைத்தது. காலை ஐந்து மணிக்குள் நான் குளித்து முடித்திருக்க வேண்டும். தரை உலர்ந்திருக்க வேண்டும். கதவின் உட்புறம் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. குழாயைத் திறக்கக் கூடாது. தும்மல் வருமானால் வெளியே வந்து தும்மவும். மாலை ஷிப்ட் முடியும்வரை கழிப்பிடம் இயங்காது. கீழே, இடம் மீதமிருந்ததால் போலும், 'நன்றி, மீண்டும் வருக' என்று அண்ணாச்சி எழுதியிருந்தார். நர்ஸம்மா காவலுக்கு வரும்போது ஜெபமாலையைக் கொண்டுவருவார். உதடு அசையாமல் பத்துப் பத்து மணியாக ஐந்து முறை உருட்டுவார். அதற்குள் குருவி வராவிட்டால் அன்று வராது என்பது அவருடைய கணக்கு. போகும்போது, என் இரத்த அழுத்த மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பார்த்துவிட்டுப் போவார். அண்ணாச்சி எண்ணெய் டின்னின்மேல் ஏறிய முதல் காலையில் அது அவர் எடையைத் தாங்காமல் 'டொம்' என்றது. காலடிப்பேட்டையின் காகங்கள் அனைத்தும் எழுந்து பறந்தன. அன்றைய ஷிப்ட் அத்துடன் ரத்து.

அந்தச் சப்தத்துக்குத்தான் பக்கத்து வீட்டம்மா வந்தார். கையில் பாத்திரம் தேய்க்கும் நார்.

"இன்னா சார் இது? ஒரு வாரமா பாக்கறேன், காலங்காத்தால ஒங்க பாத்ரூம் ஜன்னல்ல மூஞ்சி மூஞ்சியா தெரியுது. நான் பாத்திரம் தேய்க்கறதா வேணாமா?"

"குருவி பாக்கறோம்மா" என்றார் கிரேன் ஓட்டுபவர்.

"பாத்ரூம்லயா? ஏன் நைனா, ஹால்ல ஒக்காந்து பாத்தா வராதா அது?"

விளக்கினோம். அக்காவின் பறவை என்றதும் அவர் நாரைக் கீழே வைத்தார். எந்தக் குருவி என்று கேட்டார். கிரேன் ஓட்டுபவர் கைப்பேசியில் படத்தைக் காட்டினார்.

"அட, இதுவா! தெனம் வருமே."

கிரேன் ஓட்டுபவரின் கட்டைவிரல் குழுவைத் திறக்கப் போயிற்று. ஆனால் நான் என் தொழிலை மறக்கவில்லை. வேறு படங்களையும் காட்டச் சொன்னேன். மீன்கொத்தி. "இதும் வரும்." பூநாரை. "வரும், மழ பேஞ்சா." அடர்ந்த மலைக்காடுகளில் மட்டும் வாழும், கொம்பு வைத்த அலகுடைய இருவாச்சி. சற்று யோசித்தார். "மூக்கு பெருசா கீதே, அதானே? அது மத்தியானமா வரும்."

சாட்சியம் ஏற்கப்படவில்லை. அவர் அதைப் பொருட்படுத்தவும் இல்லை. சித்திரை முடியும்வரை மரத்தடி இலைகளைப் பெருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதற்கு மட்டும் வெகுநேரம் சிரித்தார். "பெருக்காதன்னு சொல்றதுக்கு ஒரு சங்கம் வெச்சிகினு கீறீங்க. எங்க மாமியாகிட்ட வந்து சொல்லுங்க, அது நம்பாது."

நாட்கள் சென்றன. வேறு பறவைகள் வந்தன. குழுவில் இப்படியான செய்திகள் தோன்றின: 'பாத்ரூம். பழுப்புக் கீச்சான், ஒன்று. இரண்டு சாட்சி.' 'பாத்ரூம். அரசவால் ஈப்பிடிப்பான், பெண். மூன்று சாட்சி. உறுதி.' மாதவரத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒருவர், பாத்ரூம் என்பது எண்ணூர்ப் பக்கமா, மணலிப் பக்கமா, பேருந்து உண்டா என்று விசாரித்திருந்தார். மற்றவர்கள் எண்ணூரின் செம்மை பூத்த உப்புக்கொத்திகளையும் முகத்துவாரத்தின் ஆலாக்களையும் கைவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அந்தப் பருவம் முழுவதும், வடக்கே போன ஆயிரமாயிரம் பறவைகளை வடசென்னையில் எவரும் பார்க்கவில்லை. எல்லோரும் எங்கள் ஜன்னலில் இருந்தார்கள். ஆறுமணிக்குருவி வரவில்லை.

சித்திரை முடிய மூன்று நாள் இருந்தபோது, காலை ஷிப்டிலிருந்து அண்ணாச்சி வெளியே வந்தார். முகம் வியர்த்திருந்தது.

"சார், பாத்துட்டேன்."

நான் எழுந்து நின்றேன்.

"சத்தியமா பாத்தேன். எல மேல தத்தித் தத்தி வந்துது. அக்காவுக்குக் கொடுப்பினதாம் சார். நான் ஒரு ஆளு பாத்தாப் போதும்லா? உறுதின்னு போட்ருவோம்."

அவர் கைகள் வேட்டி மடிப்பைச் சரிசெய்தபடி இருந்தன. அவர் கண்கள் என் தோளுக்கு மேலே, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தன. நான் கேட்க விரும்பாததைக் கேட்டேன்.

"வாலுக்கு அடியில என்ன நிறம்?"

"நீலம்" என்றார் அண்ணாச்சி.

நான் உட்கார்ந்துவிட்டேன். என் முகத்தில் அவர் எதைக் கண்டாரோ, அவரும் எதிரில் உட்கார்ந்தார். பிடிபட்டதை அவர் உணர்ந்திருக்க வேண்டும். ஆனால் கடிந்துகொள்ள என்னால் முடியவில்லை. ஓராண்டுக்கு முன் அதே வீட்டில், அதே கேள்விக்கு, அதே பதிலைச் சொன்னவன் நான்.

"தப்புதாம் சார்" என்றார். "மூணு நாளு தான இருக்கு. மனசு கேக்கல. சரி, நீங்க சொல்லுங்க, போன வருசம் நீங்களாச்சும் பாத்தியள்லா?"

"இல்லை" என்றேன். "பார்த்ததா அவகிட்ட சொன்னேன். பார்க்கல."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணாச்சி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "நானும் தூத்துக்குடியிலேந்து கடற்கழுகு பாத்தவந்தான சார்" என்றார். இருவரும் காப்பி குடித்தோம்.

சித்திரையின் கடைசி நாள் மாலை ஷிப்டைக் கிரேன் ஓட்டுபவர் தானே எடுத்துக்கொண்டார். ஐந்து மணிக்கே வந்து வாளியில் ஏறிவிட்டார். நர்ஸம்மாவும், மனைவியுடன் அண்ணாச்சியும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி ஷிப்டில் கூட்டம் வேண்டாம் என்பது கிரேன் ஓட்டுபவரின் கட்டளை. ஆறு மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கையில் தெருவில் தண்ணீர் லாரி ஹார்ன் அடித்தது. தொடர்ந்து பக்கத்து வீட்டம்மாவின் குரல்.

"யாரு வண்டி சார் இது? லாரி உள்ள வர்ல, வண்டிய எடு! தண்ணி போயிடும்!"

கிரேன் ஓட்டுபவரின் வண்டி. அவர் ஜன்னலையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். ஹார்ன் மறுபடியும் அடித்தது. அவர் குதித்து இறங்கி, "ரெண்டே நிமிஷம் சார். நீ ஏறி நில்லு. எடத்த காலியா வுடாத" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

ஏறி நின்றேன். பைனாகுலர் என்னிடம் இல்லை. அவளுடையது உள்ளறையில், அதன் உறையில் இருந்தது. சக்கரம் இல்லாத ஆட்டோ. வாதாமரம். ஒரு மாதம் பெருக்கப்படாத இலைகள். அவற்றில் ஓர் இலை தானாகப் புரண்டது. காற்று இல்லையே என்று நினைத்தேன். அடுத்த இலையும் புரண்டபோது அதன் பின்னால் ஒரு பறவை நின்றது. கண்ணுக்குக் குறுக்கே கரும்பட்டை. முதுகு பச்சை. இருப்பதே தெரியாத அளவுக்குக் குட்டை வால். அது இரண்டு தத்தல் தத்தி, எனக்கு முதுகு காட்டி நின்று, அந்த வாலை மெல்ல மேலும் கீழும் அசைத்தது.

நான் அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. என்னிடம் அப்போது கடிகாரம் இல்லை. வெளியே வண்டி உதைக்கப்படும் சத்தம் கேட்டது. பறவை ஆட்டோவுக்கு அடியில் போயிற்று. வெளியே வரவில்லை.

கிரேன் ஓட்டுபவர் மூச்சிரைக்க உள்ளே வந்து என்னைப் பார்த்தார்.

"சார்?"

"பார்த்தேன்."

"வாலு கீய இன்னா கலரு?"

"சிவப்பு. தபால்பெட்டிச் சிவப்பு."

அவர் வாளியின்மேல் ஏறி ஏழு மணிவரை நின்றார். இருட்டிவிட்டது. வேறெவரும் அதைப் பார்க்கவில்லை.

கூடத்தில் நடந்த விவாதத்தை உள்ளபடியே பதிவு செய்கிறேன். கேள்வி எளிமையானது. பதிவு உறுதியாக வேண்டுமானால் இரண்டாவது சாட்சி வேண்டும். நான் உறுப்பினன், அதே இடத்தில், பருவத்துக்குள், பறவையைக் கண்டேன். குறுக்கே நிற்பது விதி ஆறு மட்டுமே.

"ரூல் ஆறு எப்டி ஒட்டும்?" என்றார் கிரேன் ஓட்டுபவர். "அக்கா இப்ப இல்ல. அப்போ சார் தனி ஆளு. ரெண்டு சாட்சி ஆயிடிச்சி. முடிஞ்சது மேட்டரு."

"எங்க கோயில்லயும் சாவு பிரிக்கிற வரைக்கும்னுதான் வாக்கு குடுப்பாங்க" என்றார் நர்ஸம்மா. "அதுக்கப்புறம் சட்டப்படி ரெண்டுதான்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "சார், ரேஷன் கார்டுல அக்கா பேர எடுத்தாச்சா?"

"இன்னும் எடுக்கல."

"அப்பம் அரசாங்கக் கணக்குல ஒரே குடும்பம்லா? ஒண்ணுதாம்" என்று சொல்லிவிட்டு, அதன் விளைவு புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் மனைவி அவர் தொடையில் அழுத்திக் கிள்ளியதை மற்ற எல்லோரும் பார்த்தோம், மூன்று சாட்சிகள்.

"யோவ் அண்ணாச்சி, நீ எந்தப் பக்கம்யா?" என்ற கிரேன் ஓட்டுபவர் என் பக்கம் திரும்பினார். "சார், நீ எழுதினவன். நீ ஒரே ஒரு வரி போட்டா போதும். 'விதி ஆறு இனிமே எனக்குப் பொருந்தாது.' அவ்ளோதான். அக்கா பேரு நின்னுடும்."

கைப்பேசியை என் கையில் கொடுத்தார். அந்த வரியை எழுதுவது கடினமல்ல. பொருள் தெளிவானது, வாதத்துக்கும் நிற்கும். அதை எழுதினால் அவளுடைய பறவை பட்டியலில் இருக்கும், நான் அவளுடைய கணவனாக இருந்த ஒருவன் ஆவேன். எழுதாவிட்டால் அன்றிரவே அவள் பெயர் நீக்கப்படும். மூன்று சொற்கள் தட்டினேன். அழித்தேன். மறுபடியும் தட்டவில்லை.

"பொருந்தும்" என்றேன். "நாங்க ஒரே சாட்சிதான்."

நர்ஸம்மா எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். கிரேன் ஓட்டுபவர் கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பதிவை நீக்குவதற்காக அதைத் தேடி எடுத்தார். கட்டைவிரல் திரைக்கு மேலே நின்றது. அப்படியே நின்றது.

"இரு" என்றார். "இரு சார். ஒரே சாட்சின்ற இல்ல?"

"ஆமா."

"அப்போ போன வருசம் பாத்தது அந்தச் சாட்சி. இன்னிக்கி பாத்தது?"

"அதே சாட்சி."

"அதே சாட்சி இந்த சித்திரையில புதுசா பாத்துருக்கு. புதுசா பாத்தா காத்திருப்பும் புதுசாத்தான் ஸ்டார்ட்டாவும்? ரூல் மூணு?"

உள்ளே போய் விதிகளின் அசல் தாளை எடுத்து வந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏழு விதிகளையும் இருமுறை படித்தேன். ஒரு சாட்சி தன் பறவையை மறு ஆண்டும் தானே காண்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. ஓட்டை இல்லை என்று நான் நம்பியிருந்த இடம் அது.

"ஆட்சேபம் இல்லை" என்றேன்.

அவர் எழுதியது இது: 'பாத்ரூம். ஆறுமணிக்குருவி, ஒண்ணு. அக்காவும் சாரும். ஒரு சாட்சி. காத்திருப்பு, அடுத்த சித்திர முடியும் வரிக்கும்.' அண்ணாச்சி, அவர் மனைவி இருவரும் கட்டைவிரல் படம் போட்டார்கள். ஒன்றாகவே கணக்கிடப்பட்டது.

மறுநாள் காலை ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. குளிக்க அவசரம் ஏதும் இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஆறு மணிக்குக் குளியலறைக்குப் போனேன். கழற்றிய இரண்டு கண்ணாடிகளைப் பொருத்தலாம் என்று எடுத்தபோது, கீழே சந்தில் பக்கத்து வீட்டம்மா துடைப்பத்துடன் நின்றிருந்தார்.

"சித்திர முடிஞ்சிச்சா சார்? பெருக்கிக்கவா?"

"பெருக்கிக்கோங்க. மரத்தடியில மட்டும் ஓரமா கொஞ்சம் விட்டுவைங்க."

"எதுக்கு? அடுத்த வருசத்துக்கா?"

"ஆமா."

"நல்லா சொன்ன போ. அது வரிக்கும் மரம் இன்னா சார் பண்ணும், கைய கட்டிகினு நிக்குமா? புதுசா கொட்டும்" என்று சொல்லிவிட்டு, ஆட்டோவின் பக்கத்திலிருந்து பெருக்கத் தொடங்கினார். கண்ணாடிகளை மாடத்தில், மஞ்சள் வட்டத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன்.